பழுதற்ற கிடாவும் ஆறாவது பேருந்தும்

எங்கள் திருச்சபையின் பெண்கள் சங்கத்தில் புதன்கிழமைதோறும் பிற்பகலில் வேதபாடம் நடக்கும். லேவியராகமத்தை நடத்த ஒருவரும் முன்வராத ஆண்டில் போதகர் அந்தப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார். பள்ளியில் நெடுங்காலம் இலக்கணம் கற்பித்தவளுக்குப் பலிகளின் இலக்கணமும் பிடிபடும் என்று அவர் கருதியிருக்க வேண்டும். பிடிபடத்தான் செய்தது. தகனபலிக்கும் சமாதானபலிக்கும் என்ன வேறுபாடு, பாவநிவாரணபலி எங்கே முடிந்து குற்றநிவாரணபலி எங்கே தொடங்குகிறது, எந்தக் கொழுப்பு எரிக்கப்படும், எந்தத் தொடை ஆசாரியனுக்குச் சேரும் என்பதையெல்லாம் வரிசை பிசகாமல் சொல்வேன். என் எதிரே அமர்ந்தவர்களில் பாதிப்பேர் காலை ஷிப்டை முடித்துவிட்டு நேரே வந்தவர்கள். அவர்கள் சுவரில் சாய்ந்து, கண்களை மூடி, நான் சொன்ன யாவற்றையும் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த ஆண்டு என் கைவசம் ஒரு கிடாவும் இருந்தது. என் கணவர் ஆலைத் தொழிலாளரை ஏற்றிச்செல்லும் கம்பெனிப் பேருந்தின் ஓட்டுநர். ஒரகடம் சாலையின் நெரிசலில் இயற்கை உபாதையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதே தொழிலாகிவிட்டவருக்கு வர வேண்டிய சிறுநீரகக் கல் வந்தது. அறுவை இல்லாமல் அது வெளியேறிவிட்டால் விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்புப் பண்டிகை விருந்துக்கு ஒரு வெள்ளாட்டுக் கிடாவைக் கொடுப்பதாக நான் நேர்ந்துகொண்டேன். கல் வெளியேறியது. கிடா வந்தது. பலிக்குரியது பழுதற்றதாக இருக்க வேண்டும் என்பது விதியாகையால், அதன் குளம்பில் முள் தைக்காமலும் கொம்பு மூளியாகாமலும் காத்தேன். அதாவது, என் கணவரைக் காக்கச் செய்தேன்.

“கல்லு என்னிது. நேர்த்திக்கடன் உன்னிது. தினம் தழ ஒடிச்சிக்கினு வர்ற வேல மட்டும் எப்படிம்மா என்னிது ஆச்சி?” என்று அவர் கேட்பார். வேதத்தில் அதற்கு விடை இல்லாததால் கிடாவின் தண்ணீர்ச் சட்டியையும் அவர் கையில் கொடுப்பேன்.

எங்கள் மாடியில், தகரக்கூரை வேய்ந்த அறையில், தென்மாவட்டத்து நாசரேத் பக்கத்து இளைஞர் ஒருவர் வாடகைக்கு இருந்தார். அருகிலிருந்த ஆலையொன்றின் பொருட்கிடங்கில் வேலை. சபைப் பாடகர் குழுவில் கட்டைக்குரலுக்கு இருந்த ஒரே ஆள் அவர்தான்.

பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கையில், ஒரு ஞாயிறன்று ஆராதனை முடிந்து வீடு திரும்பினேன். கிடாவின் கொட்டகையில் கயிறு மட்டும் கிடந்தது. மாடியிலிருந்து மசாலா வதங்கும் மணம் படியிறங்கி வந்தது. மாடிக்காரர் அன்று ஆராதனைக்கும் வந்திருக்கவில்லை. இரண்டு தொடர்களைச் சேர்த்தெழுத வேண்டுமானால் அவற்றுக்கிடையே உள்ள உறவை முதலில் நிறுவ வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொன்னவள் நான். அன்று கயிற்றையும் மணத்தையும் எந்த உறவும் நிறுவாமல் சேர்த்துவிட்டேன்.

அவரிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்பது பண்பன்று என்று தோன்றியது. ஆகவே புதன்கிழமை சங்கத்தில் சொன்னேன்.

அதையும் நேராகச் சொல்லவில்லை. அன்றைய பாடம் குற்றநிவாரணபலி. அயலானுடைய பொருளைக் கவர்ந்துகொண்டவன், அதை முழுமையாகத் திருப்பிக் கொடுத்து, அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டியும் கொடுத்து, அதன் பின்னரே பலியோடு கர்த்தருக்கு முன் வரலாம் என்று விளக்கினேன். விளக்கிவிட்டு, “உதாரணமா, மாடியில குடியிருக்கிற ஒருத்தர் கீழ்வீட்டு ஆட்டப் பிடிச்சுச் சமைச்சுட்டார்னு வச்சுக்குவோம்” என்றேன்.

ஆறு மாதமாக உறங்கிக்கொண்டிருந்த வகுப்பு ஒரே நொடியில் விழித்தது.

“அந்த நாசரேத்துப் பையனா டீச்சர்?” என்றாள் முன்வரிசையில் இருந்த என் அண்டைவீட்டுக்காரி. “அய்ய! கொரலு எவ்ளோ நல்லா கீது அவனுக்கு!”

“நான் யார் பேரையும் சொல்லல” என்றேன்.

“நீங்க எங்க சொன்னீங்க, நாங்களே புரிஞ்சிக்கினோம்” என்றாள் அவள், மிகுந்த மரியாதையோடு.

ஒருவரைக் கெடுக்க இதைவிடப் பாதுகாப்பான முறையை நான் அறியேன். சங்கத்துப் பெண்களின் கணவன்மாரும் பிள்ளைகளும் ஆலைப் பேருந்துகளில் ஏறினார்கள். மாடிக்காரர் வேலை பார்த்த ஆலையின் பேருந்துகள் ஐந்தும் ஷிப்ட் மாறும் வேளையில் சுங்குவார்சத்திரத்தில் ஒரே தேநீர்க்கடை முன்னால்தான் நிற்கும். மூன்றாவது பேருந்தை ஓட்டுபவர் என் கணவர். “நீ எங்கிட்ட சொன்ன. நான் வண்டியில சொன்னேன். பின்னால ஒக்காந்துகினு இருந்தவன் கடையில சொன்னான். என்ன மட்டும் மொறைக்காத” என்று அவர் பின்னாளில் தம் பங்கை ஒப்புக்கொண்டார்.

மாடிக்காரர் மூன்றே நாளில் அறையைக் காலி செய்தார். பாய், தலைக்கவசம், ஒரு மின்னடுப்பு ஆகியவற்றோடு வாசலில் வந்து நின்று, “டீச்சர், ரூம காலி பண்ணுதேன். ஒங்க பக்கெட்டு மேல இருக்கு, கழுவி வச்சிருக்கேன்” என்றார். நான் “சரி” என்றேன்.

அடுத்த புதன்கிழமை பாவநிவிர்த்தி நாளைப் பற்றிய அதிகாரம் வந்தது. இரண்டு கிடாக்கள், சீட்டுப் போட்டு ஒன்றைப் பலியிடுவார்கள், மற்றதன் தலைமேல் ஆசாரியன் இரு கைகளையும் வைத்து, மக்களின் அக்கிரமங்களையெல்லாம் அறிக்கையிட்டு, அவற்றை அதன்மேல் சுமத்தி, வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவான். இதைக் குரல் தழுதழுக்க நடத்தினேன். எங்கள் வீட்டிலும் ஒன்று போயிற்று, ஒருவர் அனுப்பப்பட்டார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

கிடா காணாமற்போன பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை நண்பகலில், ஒரு சரக்கு ஆட்டோ எங்கள் வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து மாடிக்காரர் இறங்கினார். அவருக்குப் பின்னால் என் கிடா இறங்கியது. முன்னைவிடக் கொழுத்திருந்தது. இடக்காது ஓரத்தில் கிழிந்திருந்தது. கழுத்தில் மஞ்சள் அட்டை ஒன்று தொங்கியது. ‘ஆய்வுக்காக நிறுத்தி வைக்கப்பட்டது’ என்று அதில் எழுதியிருந்தது.

“டீச்சர், ஒங்க கெடா எங்க கம்பெனிப் புல்லுல மேஞ்சிக்கிட்டு கெடந்துச்சு” என்றார் அவர். “தண்ணி லாரி உள்ள வரும்போது கூடவே நொழஞ்சிருக்கு. காதுல வேலிக்கம்பி கிழிச்சிட்டு. திங்கக்கெழமதான் என் கண்ணுல பட்டுச்சு. கேன்டீன் காய்கறித் தோலெல்லாம் இவருக்குத்தான்.”

“பார்த்த அன்னைக்கே விரட்டி விட்டிருக்கலாமே?”

“எப்படி டீச்சர்? கேட் பாஸ் இல்லாம ஒரு போல்ட்டுகூட வெளிய போவாது. உள்ள வந்ததுக்கு எண்ட்ரி இருந்தாத்தான் பாஸ் போடுவாங்க. இதுக்கு எண்ட்ரி இல்ல. எண்ட்ரி இல்லாத சாமான் உள்ள இருக்கவும் கூடாதாம். செக்யூரிட்டி ஆபீசர் நாலு நாளு யோசிச்சாரு. அவரு யோசிக்க யோசிக்க இது தின்னுச்சு.”

“அப்புறம் எப்படி விட்டாங்க?”

அவர் கிடாவின் முதுகைத் தடவினார். “ஊழியரோட சொந்தப் பொருளுன்னா பாஸ் போடலாம்னு ரூல் இருக்கு. அதான், என் ஆடுன்னு எழுதிக் குடுத்தேன். என் கவனக்குறைவால உள்ள வந்துட்டுன்னு ஒரு லெட்டர். ஒரு மெமோ குடுத்தாங்க. அவ்வளவுதான்.”

செய்யாத குற்றத்தைக் கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்டு, கிடாவை மீட்டு வந்திருந்தார். மீட்பு, பதிலாள், சுமத்துதல் ஆகிய சொற்களைக் கரும்பலகையில் எழுதி அடிக்கோடிட்டவள் நான். ஆனால் அவரிடம் கேட்டது இதைத்தான்: “அந்த ஞாயித்துக்கிழமை மேல என்ன சமைச்சீங்க, தம்பி?”

“கோழி, டீச்சர். மசாலா எங்கம்மா ஊர்ல இருந்து குடுத்து விட்டது. ஒங்களுக்கும் ஒரு கிண்ணத்துல கொண்டாந்தேன். நீங்க கதவப் படார்னு சாத்திட்டீங்க.”

கதவைச் சாத்தியது நினைவிருந்தது. கிண்ணம் நினைவில்லை.

அவர் போன பிறகு, மாலையில் வீடு திரும்பிய என் கணவர் மிச்சத்தைச் சொன்னார். அந்தத் தேநீர்க்கடைக்காரர் எங்கள் சபையைச் சேர்ந்தவர். அவருடைய மகள் மின்னணு ஆலையில் வேலை செய்கிறாள். பாடகர் குழுவில் பாடுகிறாள். கட்டைக்குரல்காரருக்கும் அவளுக்கும் விருப்பம். பிள்ளைவீட்டார் நாசரேத்திலிருந்து வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்கள். தந்தை சம்மதம் சொல்லவிருந்த வாரத்தில்தான் நான் உதாரணம் சொன்னேன்.

“இப்ப ஆடுதான் வந்துடுச்சே, போய் எடுத்துச் சொன்னா முடிஞ்சுது” என்றேன்.

“எங்க முடிஞ்சுது? ஆட்ட அட்ச்சிட்டான்னு நீ சொன்ன. ஆடு என்னிதுன்னு அவன் கையெழுத்துப் போட்டுக் குட்த்துகீறான். கேட் பாஸ பார்த்தவன் கடையில வந்து சொல்லிட்டான். பொண்ணப் பெத்தவன் இன்னா நெனப்பான்? திருட்டு ஆட்டுக்கு ரசீதும் வாங்கிட்டான்னுதான் நெனப்பான்.”

அன்று எனக்கு உறக்கம் வரவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் நன்றாக உறங்கினேன். விதி தெளிவாக இருந்ததுதான் காரணம். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். நான் எடுத்தது ஒருவருடைய நற்பெயர். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேலே கொஞ்சம் நற்பெயரைக் கூட்டிக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும் என்ற நம்பிக்கையோடு மறுநாள் காலையில் சுங்குவார்சத்திரத்துக்குப் புறப்பட்டேன்.

கடைக்காரர் பால் ஆற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை ஆட்டைத் தொடவில்லை, தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் முகம் இளகியது. அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு மீதமிருந்தது.

“அவருக்குப் புலால் வாசனையே ஆகாது” என்றேன். “முழங்கால் போட்டா மூணு மணி நேரம் ஜெபம்.”

ஆற்றிய கை நின்றது. “அப்படிங்களா? போன மாசம் என் வூட்ல, மீன் கொழம்புச் சட்டியில சோத்தப் போட்டுப் பெரட்டித் துன்னது யாரு டீச்சர்?”

“அது, விருந்தில...”

“மொதல்ல ஆட்டுத் திருடன்னீங்க. இன்னிக்கு முனிவர்ன்றீங்க. நாளைக்கு வந்து ஆடே இல்லன்னுவீங்களா? எது உங்க வாயில இருந்து வந்த நெசம்னு நான் எப்படித் தெரிஞ்சிக்கிறது? எனக்கு ஒரே பொண்ணு டீச்சர்.” அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை வாட்டியது. தேநீரை எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார்.

திரும்பும் வழியில் போதகரின் வீட்டுக்குச் சென்றேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், காது கிழிந்த கிடா பழுதற்ற காணிக்கையாகுமா என்று கேட்டேன். அவரும் தேநீர்க்கடை வாடிக்கையாளர்தான். “ஆட்டுக் காது கெடக்கட்டும் டீச்சர்” என்றார். “கிழிஞ்சது அது ஒண்ணுதானா?” பலிபீடத்தருகே காணிக்கையோடு வருகிறவனுக்குத் தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்ற இடத்தை அவர் எனக்கு எடுத்துக்காட்டவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.

பண்டிகை ஞாயிறு வந்தது. பீடத்தின் இருபுறமும் கரும்பும் வாழைக்குலையும் கட்டி, கீரைக்கட்டுகளைத் தோரணமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். காணிக்கை நேரத்தில் என் கணவர் கிடாவை முன்னால் கொண்டுவந்து தூணில் கட்டினார். நான் கையில் இரண்டு தாளோடு எழுந்தேன். ஒரு வாரம் உழைத்து எழுதிய பாவ அறிக்கை அது. சொல் ஒவ்வொன்றும் நிறுத்து வைத்தது. ஒரே தொடரில் ஏழு எச்சங்கள் ஒன்றையொன்று தாங்கி நின்று, ஒருவழியாக இறுதியில் வினைமுற்றை எட்டின. எழுவாய் எங்கும் வெளிப்படாதபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஆய்வின்றி எழுந்த ஐயம், ஐயத்தினின்று பிறந்த உரை, உரையினால் விளைந்த ஊறு என்று எல்லாம் தாமாகவே நிகழ்ந்திருந்தன.

படித்து முடித்தேன். பின்வரிசைப் பெரியவர் ஒருவர் உருக்கமாக “ஆமென்” என்றார்.

“இன்னா சொன்னாங்க டீச்சர்?” என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள் அண்டைவீட்டுக்காரி. மெல்லப் பேசும் பழக்கம் அவளுக்கு இல்லை.

“ஆடு குடுக்குறாங்க இல்ல? அதுக்கு வாழ்த்து மடல்.”

பாடகர் குழுவில் கட்டைக்குரல்காரர் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு இருக்கை தள்ளி அந்தப் பெண், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மட்டும் என் தமிழ் முழுவதும் புரிந்திருந்தது என்று நினைக்கிறேன். எழுவாய் இல்லாததும் புரிந்திருந்தது.

தாளை மடித்தேன். “அந்தத் தம்பி என் ஆட்டத் தொடல” என்றேன். “நான் அவர ஒரு வார்த்த கேக்கல. கேக்காம சங்கத்துல பழி போட்டேன். அப்புறம் கடைக்குப் போயி, அவர் கறியே சாப்பிட மாட்டார்னு இன்னொரு பொய்யும் சொன்னேன். அவர் எனக்காக மெமோ வாங்கிக்கிட்டு ஆட்ட மீட்டுக்கொண்டு வந்தார். தப்பு பண்ணது நான்தான்.”

கிடா ஒரு கீரைக்கட்டைத் தோரணத்திலிருந்து இழுத்தது.

தேநீர்க்கடைக்காரர் எழுந்தார். “டீச்சர், இப்ப சொன்னது நல்லா கீது. ஆனா நீங்க பேசுனது கோயில்ல சுத்தல. என் கடையில சுத்துச்சி. அஞ்சு பஸ்ஸுல ஏறிப் போச்சி. அங்க வந்து சொல்லுங்க. அப்புறம் நான் சொல்றேன்.”

போதகர் தலையசைத்தார். “காணிக்க இங்கயே இருக்கட்டும்” என்றார். அப்படியாக விருந்து ஒரு வாரம் தள்ளிப்போனது; கிடா தூணிலேயே நின்றது; மாலைக்குள் பீடத்தின் வலப்புற அலங்காரம் முழுவதையும் தின்று தீர்த்தது.

திங்கட்கிழமை பிற்பகல், ஷிப்ட் மாறும் வேளையில், கடை முன்னால் போய் நின்றேன். முதல் பேருந்து வந்தது. படியேறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். காதில் பாட்டுக்கருவி மாட்டியிருந்தவர்கள் அதைக் கழற்றினார்கள். “ஆடு இப்ப எப்படி கீது டீச்சர்?” என்றார் ஒருவர். “காதுல தையல் போட்டீங்களா?” என்றார் இன்னொருவர். மனிதரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இரண்டாவது பேருந்தில் என் உரை பாதியாகச் சுருங்கியது. மூன்றாவதை என் கணவர் ஓட்டிவந்தார். அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு எழுந்து நின்று, “எல்லாரும் கேட்டுக்குங்கப்பா. கல்யாணம் ஆயி இத்தினி வருசத்துல தப்பு என்னிதுன்னு எங்கிட்ட ஒரு வாட்டிகூட சொன்னதில்ல” என்றார். கைதட்டினார்கள். நான்காவதிலும் ஐந்தாவதிலும் சொல்லி முடித்தபோது என்னிடம் நான்கே சொல் எஞ்சியிருந்தன: “அவர் எடுக்கல, நான்தான் சொன்னேன்.” என் வாழ்நாளில் நான் எழுதிய எதிலும் இவ்வளவு செறிவு இல்லை.

“அஞ்சும் ஆச்சி. போதும், ஒக்காருங்க” என்றார் கடைக்காரர்.

“இல்ல, இன்னும் ஒண்ணு இருக்கு” என்றேன். ஐந்தில் ஒரு பங்கு. ஐந்து பேருந்துக்கு ஒரு பேருந்து. அந்நேரம் வேறோர் ஆலையின் பேருந்து வந்து நின்றது. அவர் தடுப்பதற்குள் ஏறிவிட்டேன்.

அதில் இருந்தவர்கள் வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்கள். என் கிடாவைப் பற்றியோ மாடிக்காரரைப் பற்றியோ அவர்கள் ஒன்றும் கேள்விப்பட்டதில்லை. நான் சொன்னதைத் தமிழ் தெரிந்த ஒருவர் இந்தியில் நீட்டி முழக்கிச் சொன்னார். அவர் என்ன கூட்டினாரோ தெரியாது, என்னைவிட நெடுநேரம் பேசினார். கேட்டு முடித்ததும் வண்டி முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சன்னல் வழியே கடையை எட்டிப் பார்த்தது. அங்கே, வேலைக்குப் போகும் வழியில் தேநீர் வாங்க வந்த கட்டைக்குரல்காரர், குவளையோடு நின்றுகொண்டிருந்தார். “பக்ரா! பக்ரா!” என்று ஆட்டின் இந்திப் பெயரைச் சொல்லிக் கையசைத்தார்கள்.

“டீச்சர்!” என்று அலறினார் அவர். “இவங்களுக்கு ஒண்ணுமே தெரியாமத்தானே இருந்துச்சு! யாரு ஒங்கள இதுல ஏறச் சொன்னா?”

திருப்பிக் கொடுப்பதோடு நின்றிருந்தால் போதும். கூட்டிக் கொடுக்க முயன்ற இரண்டு முறையும் நான் அவரைக் கெடுத்தேன். மோசேயின் விதியில் பிழையில்லை; அது ஆட்டுக்கும் மாட்டுக்கும் எழுதப்பட்டது. அவர் எனக்காகப் போட்ட கையெழுத்துக்கு ஈடாக நான் கூட்டிக் கொடுக்கத்தக்கது ஏதும் என்னிடம் இல்லை என்பதைப் பேருந்தின் படியில் நின்றபோது ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்வது எளிதாக இல்லை. பிறரிடம் இலவசமாக எதையும் வாங்கிப் பழகாதவள் நான்.

கடைக்காரர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணீரைத் துண்டால் துடைத்தார். பிறகு, “எறங்கி வாங்க டீச்சர்” என்று உரக்கக் கூப்பிட்டார். “இன்னும் ஒரு பஸ்ஸு ஏறுனீங்கன்னா மாப்ள இந்த ரோட்டுல தல காட்ட முடியாது.”

மாப்பிள்ளை என்ற சொல் தம் வாயிலிருந்து வந்ததைக் கடைக்காரரும் கேட்டார். திரும்பி, கட்டைக்குரல்காரரின் குவளையை வாங்கி, ஆறிப்போன தேநீரைக் கொட்டிவிட்டு, புதிதாக ஊற்றினார்.

அடுத்த ஞாயிறு விருந்து நடந்தது. காது கிழிந்த கிடாவைப் போதகர் குறை சொல்லாமல் ஏற்றுக்கொண்டார். கட்டைக்குரல்காரர் மூன்றாம் முறை இலையில் வாங்கிக்கொண்டபோது நான்தான் பரிமாறிக்கொண்டிருந்தேன். அவர் எலும்பைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தார்.

“டீச்சர், இப்ப ஒங்க உதாரணம் சரியாப் போச்சு” என்றார்.

“பேசாம சாப்பிடுங்க” என்றேன். பின்னாலிருந்து என் கணவர், தழை ஒடித்தவனுக்கு ஈரல் உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.